சொகுசு ஜி.டி. காரை செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறீர்களா? விளம்பரத்திலிருந்து சாவி வரை

புதிதாக ஒரு சாதாரணக் குடும்பக் கார் என்ன விலையோ, கிட்டத்தட்ட அதே விலைக்கு ஒரு பழைய பென்ட்லி விளம்பரத்தில் நிற்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள், மூடிவிடுவீர்கள், ராத்திரி படுக்கும் முன் மறுபடி திறப்பீர்கள். இந்த வியாதி எனக்கும் உண்டு, அதனால் வேண்டாம் என்று தடுக்க வரவில்லை. ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு மேலே படியுங்கள். இறங்கியிருப்பது காரின் விலை மட்டும்தான். அதன் டயர், பிரேக் டிஸ்க், கியர்பாக்ஸ், மெக்கானிக் கூலி எல்லாம் அது ஷோரூமில் நின்ற நாளின் அந்தஸ்திலேயே இருக்கின்றன, சிலது ஏறியும் இருக்கும். யானை வாங்கியவன் அங்குசத்துக்குத் திண்டாடிய கதை தெரியும்தானே. இங்கே பல சமயம் அங்குசம்தான் யானையைவிட விலை.

முதலில், ஜி.டி. தானா உங்களுக்கு வேண்டியது?

கிரான் டூரிஸ்மோ என்ற இத்தாலியப் பெயருக்கே நெடும்பயணம் என்றுதான் அர்த்தம். இரண்டு பேர், அவர்களுடைய பெட்டிகள், ஐந்நூறு கிலோமீட்டர் சாலை, இறங்கும்போது முதுகு வலிக்கக் கூடாது. இதற்காகச் செய்த கார் இது. ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி துள்ளும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், ஏனென்றால் பென்ட்லியின் முதல் தலைமுறை கான்டினென்டல் ஜி.டி. 2,300 கிலோவுக்கும் மேல். ஓட்டும்போது அந்த எடை தெரியாமல் மறைத்துவிடுவார்கள், ஆனால் டயருக்கும் பிரேக்குக்கும் தெரியும்.

உங்கள் தினசரி ஓட்டம் எட்டு கிலோமீட்டர் டிராஃபிக்கில் ஊர்வது என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெரிய இன்ஜினில் நிறைய ஆயில் இருக்கிறது, அது சரியாகச் சூடேறவே நேரம் பிடிக்கும். சூடேறும் முன்பே தினமும் அணைத்துக்கொண்டிருந்தால் ஈரம் ஆயிலிலேயே தங்கும், பேட்டரியும் முழுசாக சார்ஜ் ஆகாது. அந்த பென்ட்லியின் பன்னிரண்டு சிலிண்டர் டபிள்யூ12 இன்ஜின் நகரத்துக்குள் லிட்டருக்கு 4 கிலோமீட்டரை ஒட்டித்தான் கொடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், யாரும் யோசிப்பதில்லை. இரண்டு கதவு கார் என்பதால் கதவு நீளம். நீங்கள் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றால் அந்தக் கதவைத் திறந்து இறங்க முடியுமா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். பின்சீட்டிலும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். மசெராட்டி கிரான்டூரிஸ்மோ மாதிரி ஒன்றிரண்டில்தான் பெரியவர்கள் நிஜமாகவே உட்காரலாம், மற்றதெல்லாம் கைப்பை வைக்கிற இடம்.

எந்த இன்ஜின், எந்த வருடம்

பிராண்டைத் தேர்ந்தெடுக்க என் உதவி வேண்டியதில்லை, உங்கள் கண்ணே அதைச் செய்துவிடும். காசு போவதும் மிஞ்சுவதும் இன்ஜினிலும் வருடத்திலும்தான்.

பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி. 2003இல் வந்தது. 6 லிட்டர் டபிள்யூ12, இரண்டு டர்போ. இதன் அடித்தளம் ஃபோக்ஸ்வேகன் ஃபேட்டனோடு பகிர்ந்துகொண்டது, அதனால் சில பாகங்கள் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பார்ட் நம்பரிலேயே குறைந்த விலைக்குக் கிடைத்துவிடும். ஆனால் பானெட்டைத் திறந்தால் விரல் நுழைய இடமிருக்காது. பின்பக்கம் ஒரு ரப்பர் குழாய் வெடித்தாலே இன்ஜினைக் கழற்றி வெளியே எடுத்துத்தான் பல வேலைகளைச் செய்ய வேண்டும். குழாயின் விலை ஒரு டீச்செலவு மாதிரி, கூலி பல நாள் கணக்கு. இரண்டாம் தலைமுறையில் 2012இல் சேர்ந்த 4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எடை குறைவு, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். பன்னிரண்டு சிலிண்டர் என்று சொல்லிக்கொள்ளும் பெருமையை விட்டுக்கொடுக்க முடியுமென்றால் நான் வி8 பக்கம்தான்.

ஆஸ்டன் மார்ட்டின் டிபி9 (2004 முதல் 2016 வரை) பார்க்க எவ்வளவு அழகோ, அதன் வி12 இன்ஜினில் இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) மாற்றுவது அவ்வளவு எரிச்சல். மேலே இருக்கும், காற்றை உள்ளே அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் காயிலையே பார்க்க முடியும். பன்னிரண்டில் ஒன்று போனாலும் பன்னிரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம், அதனால் முந்தைய ஓனர் அதைச் செய்துவிட்டாரா என்பதுதான் கேள்வி.

மெர்சிடிஸ் சி.எல். வரிசையில் பெரும்பாலானவற்றில் ஏ.பி.சி. என்ற ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் இருக்கும். ஸ்பிரிங்கோடு உயர் அழுத்த ஆயிலும் சேர்ந்து வண்டியை நிமிர்த்திப் பிடிக்கும் ஏற்பாடு அது, வளைவில் கார் சாய்வது வெகுவாகக் குறையும், மாயம் போல இருக்கும். பம்ப்போ குழாயோ வால்வு பிளாக்கோ போனால் அந்த மாயத்துக்கான பில் வரும். டர்போ வி12 வைத்த சி.எல்.600இல் ஒரு பக்க ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே காயில் தொகுதி, ஸ்பார்க் பிளக் மொத்தம் 24.

பி.எம்.டபிள்யூ 6 சீரிஸில் 2011இல் வந்த 650i வண்டியின் வி8 இன்ஜினில் டர்போக்கள் இரண்டும் இன்ஜினின் 'வி' வடிவ இடுக்கிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சூட்டில் பக்கத்திலிருக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் சீக்கிரம் கெட்டியாகிவிடும், வால்வு சீல் தேய்ந்து ஆயில் குடிப்பதும் அந்த இன்ஜினின் ஆரம்ப வருடங்களில் நன்றாகவே அறியப்பட்ட பிரச்சினை. அதே உடம்பில் ஆறு சிலிண்டர் 640i கிடைக்கிறது. வேகம் கொஞ்சம் குறைவு, தூக்கம் நன்றாக வரும்.

ஜாகுவார் எக்ஸ்.கே. (2006 முதல் 2014 வரை) இந்தக் கூட்டத்தில் குறைந்த செலவில் வைத்துக்கொள்ளக்கூடியவற்றில் ஒன்று. அலுமினிய உடம்பு. 5 லிட்டர் வி8இன் ஆரம்ப வருட வண்டிகளில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், எல்லா 5 லிட்டரிலும் வாட்டர் பம்ப்பையும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்களையும் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கமிருந்து சங்கிலி குலுங்குவது போலச் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இவையெல்லாம் பயமாக இருக்கிறது என்றால் 2017இல் வந்த லெக்சஸ் எல்.சி.500 இருக்கிறது. டர்போ இல்லாத 5 லிட்டர் வி8, 10 கியர் ஆட்டோமேட்டிக். இதன் தொல்லை என்னவென்றால் விலை அவ்வளவு சுலபமாக இறங்காது.

காரைப் பார்க்கும் முன் கணக்கைப் பாருங்கள்

காரைப் பார்த்த பிறகு யாரும் நேர்மையாகக் கணக்குப் போட்டதில்லை, நானும்தான். அதனால் முன்னாலேயே ஒரு தாளை எடுத்து, நீங்கள் குறிவைத்திருக்கும் மாடலுக்கு ஐந்து விலைகளை மட்டும் விசாரித்து எழுதுங்கள்: நான்கு டயர் சேர்த்து, முன்பக்க பிரேக் டிஸ்க்கும் பேடும், சஸ்பென்ஷனில் ஒரு மூலைக்கான பாகம் (ஏர் ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ), கியர்பாக்ஸ் ஆயில் மாற்றம், ஒரு ஹெட்லைட். ஹெட்லைட் எதற்கு என்று கேட்பீர்கள். பல மாடல்களில் ஒரு ஹெட்லைட் தொகுதியின் விலையைக் கேட்டாலே இந்தக் காரின் உதிரிபாகச் சந்தை எப்படிப்பட்டது என்பது புரிந்துவிடும்.

இந்த ஐந்தும் ஒரே வருடத்தில் வந்தால் தாங்குமா? தாங்காது என்றால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை, அதைவிடக் கீழே ஒரு படி இறங்குங்கள். கையிலிருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தப்பு. என் கணக்கு இது: காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கென்று தனியாக எடுத்துவைத்த பிறகு மீதியில்தான் கார் தேடுவேன். டபிள்யூ12, வி12 என்றால் நான்கில் ஒரு பங்கு. செலவாகவில்லை என்றால் நல்லதுதானே, அடுத்த வருடம் நிச்சயம் ஆகும்.

கடன் வாங்கி வாங்கலாமா என்றால், விலை விழுந்துகொண்டிருக்கும் காருக்கு வட்டியும் கட்டி மெக்கானிக்குக்கும் கட்டுவது இரண்டு பக்கமும் எரியும் திரி. இன்ஷூரன்ஸையும் முன்பே விசாரியுங்கள், முக்கியமாக கார் முழுசாகப் போனால் எந்த மதிப்பைக் கொடுப்பார்கள் என்பதை. இந்த வகைக் காரில் சின்ன மோதல் நடந்தாலே ரிப்பேர் செலவு காரின் மதிப்பைத் தாண்டிவிடலாம்.

இன்னொன்று, காருக்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். அந்த மாடலை மாதத்தில் நாலு தடவையாவது தொடுகிற, அதற்குரிய கண்டறியும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஆள். அப்படி ஒருவர் எட்டும் தூரத்தில் இல்லையென்றால், காரை லாரியில் ஏற்றி அனுப்பும் செலவும் உங்கள் கணக்கில் சேரும். அவரிடம் நேரடியாக ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, உங்க சொந்தக் காசுன்னா இதுல எந்த வருஷ வண்டியை எடுப்பீங்க?" அரை மணி நேரம் பேசுவார், அதில் பாதி எங்கேயும் எழுதியிருக்காது.

ஃபைல்தான் கார்

ஒருமுறை பளபளவென்ற ஒரு காரைப் பார்க்கப் போனேன். விற்பவர் எடுத்து நீட்டியது ஒரு சர்வீஸ் புத்தகம், வரிசையாக முத்திரைகள், அழகாக. பில் எங்கே என்றேன். "எல்லாம் இதுலயே இருக்கு சார்." எட்டு வருடத்து முத்திரைகளும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், கொஞ்சம்கூடக் கோணாமல் விழுந்திருந்தன. ஒரே நாளில் ஒரே மேஜையில் உட்கார்ந்து குத்தியது போல. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு வீட்டில் பெயின்ட் கொஞ்சம் மங்கிய கார், ஆனால் அதன் ஓனர் கொடுத்தது இரண்டு அங்குல தடிமன் ஃபைல். டயர் பில்லில்கூட எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்று பேனாவில் எழுதியிருந்தார். மங்கிய பெயின்ட்டுக்கு பாலிஷ் போட்டுக்கொள்ளலாம், அந்த ஃபைலை எங்கே போய் வாங்குவது?

பில்களைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் இருக்கும் கிலோமீட்டரை ஒரு பக்கம் எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே போக வேண்டும், எங்காவது இறங்கினால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் ஒரு பில்லும் இல்லாமல் இடைவெளி இருந்தால் கார் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று கேளுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார்களா? அது ஈரத்தை இழுக்கும் திரவம், ஓடினாலும் ஓடாவிட்டாலும் கெடும். கியர்பாக்ஸ் ஆயில்? 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று பல கார் கம்பெனிகள் சொன்னாலும், இந்தக் கார்களில் பாதிக்கு மேல் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். கம்பெனி தன்னுடைய ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய பில் ஃபைலில் இருந்தால் அந்த ஓனர் மேல் எனக்கு மரியாதை வந்துவிடும்.

குறைந்த கிலோமீட்டர் வண்டி என்றாலே பாய்ந்து விழாதீர்கள். பத்து வருடத்தில் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது என்றால் மீதி நாளெல்லாம் அது சும்மா நின்றிருக்கிறது. சீல் காயும், டயர் தட்டையாகும், பிரேக் காலிப்பர் பிடித்துக்கொள்ளும், பேட்டரி செத்துச் செத்துப் பிழைக்கும். வருடம் பத்தாயிரம் ஓடி ஒழுங்காக சர்வீஸ் பார்த்த வண்டியையே நான் எடுப்பேன், அதன் விலையும் குறைவாக இருக்கும்.

17 எழுத்து சேஸிஸ் எண் முன்கண்ணாடியடியில், கதவுத் தூணில், பத்திரத்தில் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அதே எண்ணைக் கொடுத்து ரீகால் (குறையைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதும் பாக்கியா என்றும் கம்பெனியில் கேளுங்கள். தகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக்குகளுக்கான ரீகால் சாதாரணக் கார்களோடு நின்றுவிடவில்லை, ஃபெராரி வரை போனது.

நேரில் பார்க்கும் நாள்

"நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் கைகுலுக்கும் முன் பானெட் மேல் கை வையுங்கள். ஒருமுறை தோசைக்கல் மாதிரி சுட்டது. விற்பவர் சிரித்துக்கொண்டே "இப்பத்தான் கழுவிட்டு வந்தேன்" என்றார், கார் நனைந்தே இருக்கவில்லை. குளிர்ந்த இன்ஜின் முதல் பத்து விநாடியில் சொல்வதைச் சூடான இன்ஜின் சொல்லாது: செயின் குலுங்கல், வால்வு நேரத்தை மாற்றும் வேரியேட்டரின் கரகரப்பு (ஆரம்ப மசெராட்டி கிரான்டூரிஸ்மோவில் இதைக் கேட்க வேண்டும்), ஒரு சிலிண்டர் தடுமாறுவது, புகையின் நிறம்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டி ராத்திரி முழுக்க நின்றிருந்தால் நல்லது. தள்ளி நின்று நான்கு சக்கர வளைவுகளுக்கும் டயருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தணிந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. கசிவு சின்னதுதான் என்பார்கள், ஆனால் அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆம் வாரம். பள்ளம் நன்றாக இருந்து வயது பத்தைத் தொட்டிருந்தால் அது டயரே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் போகப்போகும் வேகத்துக்கு. நான்கும் நாலு கம்பெனி, அதுவும் மலிவு டயர் என்றால் அந்த ஓனர் காசு இல்லாமல் திணறியிருக்கிறார், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னும் எதையெல்லாம் தள்ளிப்போட்டாரோ.

பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டர் ஒன்று கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள், ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி. அலுமினியத்தையும் அளக்கும் மீட்டராக இருக்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்க்கும் பழைய வித்தை எக்ஸ்.கே., டிபி9 மாதிரி கார்களில் எடுபடாது, அங்கே எதிலும் ஒட்டாது.

டிக்கியைத் திறந்து கார்பெட்டைத் தூக்கி அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். பல ஜி.டி. கார்களில் பேட்டரியும் மின்னணுப் பெட்டிகளும் அங்கேதான். ஈரமோ பாசி வாடையோ இருந்தால் அந்தக் காரில் இனி வரும் மின்கோளாறுகளுக்குக் கணக்கே கிடையாது. நான் தாட்சண்யம் பார்க்காமல் திரும்பிவிடுவேன்.

பிறகு உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். எல்லாவற்றையும். சீட்டின் ஆறு பக்க அசைவு, மசாஜ், ஸ்டீயரிங் ஏறி இறங்குவது, கண்ணாடிகள், கூரை மடங்கும் வண்டி என்றால் அதை இரண்டு முறை. "அது ஒரு ஃபியூஸ்தான் சார்" என்று சொன்னால், அப்படியானால் போட்டுக் கொடுங்கள், நாளை வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

ஸ்கேனரும் ஓட்டமும்

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதில் நிம்மதி அடைய ஒன்றுமில்லை. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றைச் செருகி, தவறுக் குறியீடுகளோடு 'ரெடினஸ்' நிலையையும் பாருங்கள். யாராவது முந்தின நாள்தான் குறியீடுகளை அழித்திருந்தால் காரின் சுயபரிசோதனைகள் பல இன்னும் முடியாமல் நிற்கும், நாள்கணக்கில் ஓடினால்தான் அவை முடியும். எல்லாம் முடியாமல் இருக்கிறது, விளக்கும் எரியவில்லை என்றால் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

டெஸ்ட் டிரைவ் என்று ஒரு தெருவைச் சுற்றி வருவதில் பயனில்லை. முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள், பாதி நெரிசலில், பாதி நெடுஞ்சாலையில். ரேடியோ வேண்டாம், முடிந்தால் விற்பவரின் பேச்சும் வேண்டாம். கியர் ஒன்றிலிருந்து இரண்டுக்கு, மூன்றுக்குப் போகும்போது தட்டுகிறதா, நின்று கிளம்பும்போது பின்பக்கம் 'டொக்' என்கிறதா, வேகத்தில் பிரேக் போட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா. கிளட்ச்சைக் கம்ப்யூட்டரே இயக்கும் ஒற்றைக் கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால் (கிரான்டூரிஸ்மோ எஸ்ஸின் எம்.சி. ஷிஃப்ட் மாதிரி) கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கண்டறியும் கருவியில் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், வாய் வார்த்தை போதாது.

ஓட்டி முடித்துச் சூடாக இருக்கும்போது பதினைந்து நிமிடம் அப்படியே ஐடிலில் விடுங்கள். பிறகு ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி. நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வு சீல். முக்கியமாக பி.எம்.டபிள்யூ வி8களில் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

இவ்வளவும் தேறிய காரை உங்கள் மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிவிடுங்கள், காசு கொடுத்து. ஆயில் கசிவு, புஷ்கள், டிஸ்க் தடிமன் (குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்), அடியில் இடித்த தடம், எல்லாவற்றையும் அவர் பார்க்கட்டும். பரிசோதனைக்கே அனுப்ப மாட்டேன் என்கிற ஆளிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

பேரம் பேசும்போது காரைக் குறை சொல்லாதீர்கள், இந்த வகை ஓனர்களுக்குக் காரைச் சொன்னால் குழந்தையைச் சொன்ன மாதிரி கோபம் வரும். மெக்கானிக் எழுதிக் கொடுத்த பட்டியலையும் அதற்கான விலைகளையும் மேஜையில் வைத்தால் போதும். பட்டியலில் பாதியாவது விலையில் கழியும். இன்றைக்கே முடிவு சொல்லுங்கள், வேறு ஆள் வருகிறார் என்று அவசரப்படுத்தினால் வரட்டும். அதே மாடல் இன்னொன்று கட்டாயம் விற்பனைக்கு வரும், இந்தக் கார்களை யாரும் ரொம்ப நாள் வைத்துக்கொள்வதில்லை.

வாங்கிய முதல் மாதம்

ஃபைல் என்ன சொன்னாலும் இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் இரண்டையும் மாற்றிவிட்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள், கூலன்ட்டையும் சோதியுங்கள். பெரிய பயணத்தை முதல் வாரமே வைத்துக்கொள்ளாமல், இரண்டு மூன்று வாரம் பக்கத்திலேயே ஓட்டி என்னென்ன முனகுகிறது என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாவிட்டால், நிற்கும் இடத்திலேயே செருகி வைக்கும் பேட்டரி மெயின்டெய்னர் ஒன்று அவசியம். சார்ஜ் குறைந்தால் இந்தக் கார்கள் சம்பந்தமே இல்லாத பத்து எச்சரிக்கைகளைக் காட்டி வயிற்றைக் கலக்கும். சிலவற்றில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும், டிக்கியைத் திறக்கவோ பேட்டரி வேண்டும். அதனால் ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி எந்தத் துளைக்கு, அந்தத் துளை எங்கே மறைந்திருக்கிறது என்பதை, காரை ஓட்டிக்கொண்டு கிளம்பும் முன் பழைய ஓனரிடமே திறந்து காட்டச் சொல்லுங்கள்.